பதினொன்றாம் எண் டம்பர்

3-6-2014, செவ்வாய்
காலை ஷிஃப்டில், மண் ஏற்றும் பதினொன்றாம் எண் டம்பர் லாரி சுரங்கச் சரிவில் இறங்கும்போது ஓரத்து மண்மேட்டில் முட்டிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஓட்டியவன் தனகோட்டி. "பிரேக்க அழுத்தி மிதிச்சன் சார், கியர் வுட்டுடுச்சி. இன்ஜின் மட்டும் கத்திக்கினு இருக்குது, வண்டி என் கையில இல்ல" என்றான்.

ஆட்டோமேட்டிக் கியர் தானாக விடுமா? டீசல் மிச்சம் காட்ட நியூட்ரலில் உருட்டியிருப்பான். பாதிப் பேர் செய்வதுதான். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"கரெக்டா புடிச்சிட்டப்பா" என்றான் வெங்கடேஷ். கல்லூரியில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவன். இப்போது இந்தக் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு மேனேஜர். நான் அவனுக்குக் கீழே ஒர்க்‌ஷாப்பில். ஆபீசில் அவனை 'சார்' என்று கூப்பிட வேண்டும்.

4-6-2014
தனகோட்டியின் கேட் பாஸை வாங்கி வைத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. பொங்கல் சமயத்தில் கேன்டீனில் அத்தனை பேர் முன்னால், "சார் இன்ஜினியரிங் படிச்சிட்டு சுத்தி வந்து கான்ட்ராக்ட்ல குந்திக்கினு இருக்காரு. நாம படிக்காம நேரா வந்துட்டோம்" என்றவன். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது.

5-6-2014
வெயில். எழுத ஒன்றுமில்லை.

7-6-2014
வடக்குத்து ஊரில் எங்கள் வீடு தேடி தனகோட்டியின் மனைவி செவ்வந்தி வந்தாள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பாஸ் திரும்பக் கிடைக்குமாம். எங்கள் சைட்டில் அதுதான் வழக்கம். தப்பு இருக்கிறதோ இல்லையோ, எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரண்டு நாளில் உள்ளே விடுவார்கள். அந்தக் கடிதங்களில் பாதி என் கையெழுத்தில் இருப்பவை.

"அவரு நியூட்ரல்ல வுடலங்க" என்றாள்.
"அப்புறம் ஏன் ஒத்துக்கறான்?"
"வேற என்னாங்க பண்றது?"

எழுதினேன். 'நியூட்ரலில் இயக்கியது என் தவறே.' ஒரு பிழையில்லை. அவள் போனதும் என் மனைவி அம்சவல்லி கேட்டாள்: "அந்தப் பொம்பள மொகத்தப் பாத்துமா எழுதினீங்க?"

9-6-2014
அதே டம்பரை இன்று இன்னொரு டிரைவர் கலியன் ஓட்டினான். சமதரையில், வெறும் வண்டி. பிரேக்கை அழுத்தி மிதித்ததும் கியர் விட்டது. "எனக்கும் ஒரு லெட்டரு இப்பவே எழுதி வச்சிடுங்க சார்" என்று சிரித்தான்.

நானே ஏறினேன். கியர் ஆயில் பிரஷர் மீட்டரை நீளக் குழாயில் மாட்டிக் கேபினுக்குள் வைத்துக்கொண்டேன். நிற்கும்போது சரி. மெதுவாக நிறுத்தினாலும் சரி. அழுத்தி மிதித்தால் மட்டும் முள் அப்படியே படுத்துவிடுகிறது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் எழுகிறது. ஆறு முறை பார்த்தேன். ஆயில் எல்லாம் முன்னால் ஓடிவிட, பம்ப் காற்றைக் குடிக்கிறது. அப்படியென்றால் ஆயில் குறைவு. ஆனால் ஆயில் அளக்கும் குச்சி, டிப்ஸ்டிக், முழு அளவு காட்டுகிறதே?

10-6-2014
பன்னிரண்டாம் எண் வண்டியின் டிப்ஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொன்றின் குச்சி இரண்டு விரற்கடை கூடுதல் நீளம். அடிவரை போய் நனைகிறது. ஆயில் இரண்டு விரற்கடை குறைந்தாலும் 'போதும்' என்கிறது.

மார்ச்சில் பழைய குச்சி உடைந்தது. புதிது கேட்டு எழுதினால் வர மாதக்கணக்காகும் என்று, கழித்துப் போட்ட வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டியவன் யார்? நான். கைப்பிடி ஒரே மாதிரி இருந்தது, அளந்துகூடப் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில் என் கையெழுத்து.

ஆயில் ஊற்றினேன். கலியன் பத்து முறை மிதித்தான். கியர் விடவில்லை.

அய்யோ.

11-6-2014
வெங்கடேஷிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.
"அவனே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டான். அத வச்சி நேத்தே வேலைய விட்டு நிறுத்தியாச்சு."
"பாஸ் திருப்பித் தருவோம்னுதானே சார்—"
"மேல வரைக்கும் போயிடுச்சிப்பா. வண்டி மேல தப்புன்னா யார் மேல தப்பு? யோசி. வண்டி இப்ப ஓடுதில்ல?"

அவன் முகத்தில் நிஜமாகவே அக்கறை இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

12-6-2014
யாரிடமும் சொல்லவில்லை.

13-6-2014
இன்றும்.

16-6-2014
நாற்பத்தேழு வயது. இதுவும் போனால் என்னை யார் எடுப்பான்? எனக்குத் துரோகம் செய்தவர்களைத் தினமும் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டேதான் இத்தனை வருஷம் வேலைக்குப் போனேன். வெங்கடேஷ், இன்டர்வியூவில் என் ஃபைலைத் திறக்காமலே மூடியவன், இன்னும் எத்தனை பேர். இன்று அந்த வரிசையைச் சொல்ல வரவில்லை. தனகோட்டி கம்மாபுரத்தில் கூலிக்குச் செங்கல் ஏற்றுகிறானாம். ஒரு டம்பர் டிரைவர். என் அழகான தமிழில் அவன் கழுத்தை நானே அறுத்து... என்ன மனுஷன்டா நீ?

18-6-2014
எழுதினேன். இரண்டு பக்கம். குச்சியின் நீளம், மீட்டர் காட்டியது, மார்ச் மாதத்து ரிஜிஸ்டர், எல்லாம். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒன்று, கம்பெனித் தலைமைக்கு ஒன்று, தனகோட்டிக்கு ஒன்று. அம்சவல்லி முழுவதும் படித்தாள். கவர்களை ஒட்டக் கோந்து பாட்டிலை எடுத்து வந்து வைத்தாள்.

4-7-2014, வெள்ளி
என் பாஸை முந்தாநாளே வாங்கிக்கொண்டார்கள். தனகோட்டியை இன்று சேர்த்துக்கொண்டார்கள் என்று கலியன் போனில் சொன்னான்.

மதியம் வேலை விசாரிக்கப் பண்ருட்டி போகலாமென்று பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். இரண்டாம் ஷிஃப்ட் வேன் வந்தது. தனகோட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன். அவன் தூக்கவில்லை. வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனான்.

நானாக இருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்.