ஒரே கேஜில் இரண்டு பேர்

மார்கழி 4
பனி. மூங்கில் தட்டியெல்லாம் ஈரம், விறகும் ஈரம். சுரங்கத்தில் இறங்கும் சாஃப்ட் பக்கம் புதிதாகப் போட்ட மின்சார விளக்குகூட மங்கல். கேழ்வரகு திரிக்க வேண்டும். வாங்க வேண்டியது: உப்பு, மிளகாய், விளக்கெண்ணெய். பெரியவன் கைக்குச் சுற்றப் பழந்துணி.

பெரியவன் கோவிந்தனுக்குக் கட்டை விரலில் மறுபடி அடி. பாறையில் வெடிக்குத் துளை போட இவன் கம்பி பிடிக்க, அதன் தலையில் எல்லப்பன் சம்மட்டி போடுகிறான். எல்லப்பன் புது ஆள். குறி தப்புகிறது.

மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். "இன்னாமா, உன் சின்னவன நைட் ஷிஃப்ட்லேர்ந்து எடுத்து அண்ணங்கூட போட்டுடறேன். அண்ணன் கம்பி, தம்பி சம்மட்டி. கைக்கு கை பழக்கம். சரின்னு சொல்லு."

வேண்டாம் என்றேன். வர ஞாயிறு வரைக்கும் யோசி என்று போனார்.

யோசிக்க ஒன்றுமில்லை. என் வயிற்றில் பிறந்த இருவர் ஒரே கேஜில், ஒரே கயிற்றில் தொங்கும் கூண்டில், இறங்கக் கூடாது. இந்தக் கூலி லைனில் பாதி வீட்டில் இப்படி விடாததுதான் வழக்கம். இவர்கள் அப்பனும் சித்தப்பனும் ஒன்றாகத்தான் இறங்கினார்கள். கயிறு அறுந்தது. மாமியாருக்கு ஒரே நாளில் இரண்டு பிணம். "நீ கால் வெச்ச வீடு" என்று அன்று எல்லார் எதிரிலும் என்னைச் சொன்னாள். அவளும் செத்துவிட்டாள். அதற்காக மறந்துவிடுவேனா.

மார்கழி 6
களி, முருங்கைக்கீரை. பேத்திக்குச் சளி. கற்பூரவல்லி கிடைக்கவில்லை.

சின்னவன் முனுசாமி தூங்கி எழுந்து நேரே அடுப்படிக்கு. சாயங்காலங்களில் சர்ச் உபதேசியாரிடம் பாடம் படிக்கிறானே, அந்த மிடுக்கு. இரண்டு வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைத்தான்.

"இது அண்ணன், இது நான். ஒண்ணா இறங்கினா கயிறு ஒரு தடவ எங்கள இறக்குது. தனித்தனியா போனா ரெண்டு தடவ. நீயும் பகல்ல ஒரு தடவ பயப்படற, ராவுல ஒரு தடவ பயப்படற. எதுல ஆபத்து கொறஞ்சுது, சொல்லு."

"கொறயல."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

"ரெண்டு பேர்ல ஒருத்தன் மிஞ்சினா உலை வெக்கணும். ரெண்டு பேரும் போயிட்டா அடுப்பு எதுக்குடா?"

வெங்காயத்தை எடுத்து பெரியவன் பெண்டாட்டி பச்சையம்மாவிடம் கொடுத்தேன். நறுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகத்தான் இருக்கும்.

மார்கழி 7
வெயில் சுருக்கென்று. பாய் உலர்த்தியாயிற்று.

உபதேசியார் வந்தார். சின்னவன் வேலைதான், பேச அனுப்பியிருக்கிறான். முன்னொரு தரம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்களை மூட ஜனம் என்று சொல்லிப் போனவர் இவர்.

"காரணம் காட்ட முடியாத பயத்துக்கு அடங்கி நடக்கலாமா அம்மா? ஆண்டவர் புத்தியைக் கொடுத்திருக்கிறாரே."

"உங்க ஆண்டவர நீங்க கும்பிடறதுக்கு நான் காரணம் கேட்டனா, உபதேசியாரே?"

சின்னவன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான், இருந்தாலும் அந்த வார்த்தை. மோர் கொடுத்தேன். தண்ணீர் அதிகம்.

அவர் போன பிறகும் மனசு அடங்கவில்லை. நான் காரணம் சொல்லாமலா இருந்தேன்? சொன்னேன். அவர்கள் கணக்கில் அது வரவில்லை. எத்தனை பேர் சாவார்கள் என்று அவர்கள் பார்க்கிறார்கள். யார் மிஞ்சுவார்கள் என்று நான் பார்க்கிறேன். இதில் எது புத்தி என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ.

பெரியவனைக் கேட்டேன். "நீ சொன்னா சரிமா." எப்போதும் இதுதான். இவன் ஒரு தரம் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும்.

மார்கழி 9
குழாயடியில் சண்டை. என் குடத்தைத் தள்ளி வைத்தவள் எவள் என்று தெரியும். இருக்கட்டும்.

பச்சையம்மா இன்று வாய் திறந்தாள். வந்த நாள் முதல் என் எதிரில் குரல் உயர்த்தாதவள். (கல்யாணத்தில் இவள் வீட்டார் என் அண்ணனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். அது வேறு.)

"அத்தே, உங்களுக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் போனா ஒருத்தர் மிஞ்சுவாரு. எனக்கு அவர் ஒருத்தர்தான். அவர் கையப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேன். துணி சுற்றினதே நான்.

"போய் சட்டியக் கழுவு" என்றேன்.

மார்கழி 10, ஞாயிறு
மேஸ்திரி. வேண்டாம் என்றே சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "பெத்தவ நீ, உன் இஷ்டம். ஆனா கம்பி பிடிக்கப் போறது நீ இல்லயே."

சின்னவன் சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போனான்.

மார்கழி 13
தூறல். மத்தியானம் ஆள் வந்து கூப்பிட்டான். பெரியவன் ஆஸ்பத்திரியில். சம்மட்டி தப்பி வலது கை மேல். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

எல்லப்பன் வெளியே சுவரோரம் குந்தி அழுதுகொண்டிருந்தான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கீழ மெழுகுவத்தி அணைஞ்சி போச்சு ஆயா, ஓங்கினத நிறுத்த முடியல" என்றான். திரும்பத் திரும்ப அதையே.

மார்கழி 14
எழுத ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி. கஞ்சி.

மார்கழி 17
பனி. பெரியவன் வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல் கம்பி பிடிக்க மாட்டான். மேலே ஏதாவது வேலை பார்ப்போம் என்கிறார் மேஸ்திரி. பார்ப்போம் என்றால் தெரியாதா.

சின்னவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. வெங்காயத்தோடு வந்து உட்கார்ந்தவன்தானே, இப்போது உட்கார்ந்தால் என்ன? நானாவது திருப்பிச் சொல்வேன்.

நாளைக்கே மேஸ்திரி வந்து கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தப்பு என்று எழுத மாட்டேன். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் கேட்டது அதுதான்.

பச்சையம்மா களியை உருட்டிப் பெரியவன் வாயில் வைக்கிறாள், பிள்ளைக்கு வைப்பதுபோல. எனக்கும் கொஞ்சம் வை என்றேன். சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.