அத்தாவின் வலது கை

என் பிரியமுள்ள அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுருக்குள் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும், அவர்களுக்குக் கேட்கும் என்று நீங்கள்தான் சொல்லுவீர்கள். மையவாடியைத் தாண்டும்போதெல்லாம் மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு ஸலாம் சொல்லுவீர்கள். நம் ஊர்ப் பெண்கள் அங்கே வருகிற வழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். உங்கள் மவுத்தைப் பற்றி என் காதுபடவே பேசியவர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. விறகுத் தொட்டியைக் காதர் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். உங்களைவிடக் கறாராக எடை போடுகிறார் என்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். செவலைக் காளை இன்னும் திருக்கழுக்குன்றத்து டீக்கடை வாசலில் தானாக நின்றுவிடுகிறதாம். நீங்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வரும்வரை நகராதாம். இறங்க ஆளில்லை என்று அதற்கு யார் சொல்வது?

இந்த வருஷம் நல்ல மழை. கொளவாய் ஏரி தளும்பி நிற்கிறது. நீங்கள் குத்தகைக்கு எடுத்த மகாபலிபுரத்துச் சவுக்குத் தோப்பில் வெட்டு முடிந்துவிட்டது. அந்தத் தோப்பில்தானே விழுந்தீர்கள். வெட்டுகிற ஆட்களுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் சாய்ந்துவிட்டீர்கள் என்றார்கள். சவுக்குக் கட்டை ஏற்ற வந்த வண்டியில் உங்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது உங்கள் இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. வாய் கோணிவிட்டது. பேச்சு இல்லை. உங்கள் உடம்பில் சொன்னபடி கேட்டது வலது கை ஒன்றுதான். அந்தக் கையால் என் துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்தீர்கள். நான் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அத்தா. முடியவில்லை.

அப்புறம் மார்பில் சளி கட்டியது. நிமோனியா என்றார் டாக்டர். மூக்கில் ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் ஆளுயர ஆக்ஸிஜன் சிலிண்டர். கஞ்சித் தண்ணீர் இறக்க இன்னொரு குழாய். நம் ஜமாஅத்தில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்க வந்தவர்கள் உங்களைப் பார்த்ததைவிட சிலிண்டரைப் பார்த்ததுதான் அதிகம்.

நீங்கள் அந்த ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கிப் போட்டீர்கள். நர்ஸம்மா மறுபடி வைத்தார். மறுபடி பிடுங்கினீர்கள். கையைப் பிடித்துத் தடுத்தால், உள்ளங்கையை எங்கள் முன்னால் விரித்துக் காட்டினீர்கள். தொட்டியில் தராசுத் தட்டில் வேலையாள் கட்டைகளை அடுக்கும்போது, எடை சரியானதும் வாய் திறக்காமல் காட்டுவீர்களே, அதே கை. அதைப் பார்த்தால் ஆள் அப்படியே நிறுத்திவிடுவான். எனக்கு அது புரிந்தது. அண்ணனுக்கும் புரியாமல் இருந்திருக்காது.

ஆனால் அண்ணன் பேண்டேஜ் துணியை வாங்கி, உங்கள் வலது கையைக் கட்டிலின் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். "அத்தா கையால அது நடக்கக் கூடாது நூரு" என்றார். குழாய் போய்விடக் கூடாது என்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

உங்கள் மகன் கெட்டவர் இல்லை, அத்தா. பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். பள்ளிவாசல் தெருப் பெண்கள் இரண்டு பேர், கடைசி நேரத்தில் ஓதுகிற யாசீனை ஓதலாம் என்று வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் கிதாபை மூடச் சொல்லிவிட்டார். "யாசீன் ஓத இன்னா அவசரம்? மூச்சு கீதுல்ல? மனுசன் படுத்துகினு கீறாரு, அதுக்குள்ள வழியனுப்ப வந்துட்டீங்களா?" என்று சத்தம் போட்டார். யாசீன் ஓத விட்டால் உங்களைக் கைவிட்டதாக அர்த்தம் என்று அவருக்கு. அந்தப் பெண்கள் முகம் சுருங்கி எழுந்து போனார்கள்.

சிலிண்டர் தீர்ந்துகொண்டு வந்தது. வார்டில் அடுத்தது இல்லை. மதராஸிலிருந்துதான் வர வேண்டும். யாரையாவது அனுப்பலாம் என்றேன், கேட்கவில்லை. தானே ரயிலேறினார். ஏறுவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"நான் வர்ற வரிக்கும் கையை மட்டும் அவுக்காதே."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவர் போனபிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு தடித்துப் போயிருந்தது. விரல்கள் மட்டும் துணிக்கு வெளியே அசைந்துகொண்டிருந்தன. டாக்டரைக் கூப்பிட்டு, மழுப்பாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர். கண்ணைப் பார்த்தே சொன்னார். "அம்மா, மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. மார்ல சளி நிரம்பிப் போச்சு. இது எதையும் இந்தக் காத்து சரி பண்ணாது. கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான் எங்க கையில இருக்கு."

அப்படியானால் எடுத்துவிடலாமா? இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது அவர் பதில் சொல்லுகிற கேள்வியும் இல்லை. நம் வண்டிக்காரரை அனுப்பிப் பள்ளிவாசல் ஹஸரத்தை வரச்சொன்னேன்.

மத்தியான லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்தார். நான் தலையை மூடிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மூச்சு இருக்கும்போதே குழாயை எடுத்தா அது கொலையா ஹஸரத்?"

முதலில் டாக்டரிடம் விசாரித்தார். இது நோயைத் தீர்க்கிறதா, மவுத்தைத் தள்ளி வைக்கிறதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்புறம் வராண்டாவில் போய்த் தனியாக உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"கிதாபுங்கள்ல சிலிண்டரைப் பத்தி எழுதல தாயி. அதனால எனக்குப் பயமாத்தான் கீது. உசுரை எடுக்கறதுக்குன்னு ஒரு சொட்டு மருந்து குடுத்தாலும் அது கொலை. அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா வைத்தியம்ங்கறது குணமாவுற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை இல்லன்னு தெரிஞ்சவங்க சொல்லிட்டா, அதை விடறது குத்தமில்லன்னுதான் நம்ம பெரியவங்க சொல்லி வெச்சதுலேர்ந்து நான் புரிஞ்சிகினு கீறேன். அப்பால அவரைக் கொண்டுபோறது நோய். நீ இல்ல."

இன்னொன்றும் சொன்னார். "மூச்சு கீறவரிக்கும் எதையும் எடுக்காதேன்னு சொல்ற ஆலிமும் உண்டு. அவங்களையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். எப்படிச் செஞ்சாலும் தண்ணியை நிறுத்தாதே. உதடு காயக் கூடாது. தனியா விடக் கூடாது. அத்தா எதுனா சொன்னாரா?"

குழாயைப் பிடுங்கியதையும் உள்ளங்கையையும் பற்றிச் சொன்னேன். நம் தொட்டியில் விறகு வாங்குகிறவர்தானே அவரும். அந்தக் கையை அவருக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நோவு தாங்காம புடுங்கினது அல்லாஹ் கணக்குல சேராது தாயி" என்றார்.

ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்றால் மனம் லேசாகிவிடும் என்றுதானே நினைப்போம்? எனக்கு ஆகவில்லை. அண்ணன் திரும்பி வரும்வரை காத்திருக்கலாமா? அவர் புது சிலிண்டரோடு வருவார். இந்தக் கட்டும் தொடரும். உங்களிடம் கேட்டுப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. விரல் மட்டும் கம்பியைத் தட்டியது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் துணியை அவிழ்த்தேன்.

நீங்கள் பாய்ந்து குழாயைப் பிடுங்குவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நர்ஸம்மாவும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். நீங்கள் மூக்குப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. என் மடியில் வைத்தீர்கள். தடித்த மணிக்கட்டை நான் தடவிக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம்தான் டாக்டரிடம் எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன், என்னைச் சாட்சியாக வைத்து அவர் எடுத்தார். ஊரில் பேசுகிறவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ளட்டும்.

சிலிண்டரை நகர்த்தியதும் கட்டிலைத் திருப்ப இடம் கிடைத்தது. நர்ஸம்மாவும் வண்டிக்காரரும் சேர்ந்து உங்கள் முகம் மேற்கே கிப்லாவைப் பார்க்கும்படி திருப்பினார்கள். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் உங்கள்மேல் விழுந்தது. நான் பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் விட்டுக்கொண்டே யாசீன் ஓதினேன். இரண்டு இடத்தில் தவறிப்போய்த் திரும்பவும் ஆரம்பித்தேன். உங்கள் மூச்சு அவசரமில்லாமல், விட்டுவிட்டு வந்தது. ஹஸரத் உங்கள் காதருகே குனிந்து மெதுவாகக் கலிமா சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணன் மறுநாள் முதல் ரயிலில் வந்தார். கூலி ஆளோடு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தவர், வெறும் கட்டிலைப் பார்த்தார். வீட்டுக்கு ஓடி வந்தார். கிடத்தியிருந்த உங்கள் மையத்துக்கு முன்னால், அத்தனை பெண்களுக்கு நடுவில், "நான் இன்னா சொல்லிட்டுப் போனேன்? கையை அவுத்தியா? கொன்னுட்டியேடி!" என்று கத்தினார். எனக்கும் நாக்கு இருக்கிறது, அத்தா. ஆனால் நீங்கள் வெள்ளைத் துணியில் படுத்திருந்தீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிறகு பேச்சு இல்லை. உங்களுக்காக வீட்டில் பாத்திஹா ஓதினால் சாப்பாடு மட்டும் அனுப்புவார், வரமாட்டார். தெருவில் பார்த்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். நானும் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் முழுக்கச் சொல்லியிருப்பேன். கேட்காதவரிடம் போய் நான் ஏன் சொல்ல வேண்டும்? என் ரோஷமும் உங்களிடமிருந்து வந்ததுதானே.

போன பெருநாள் அன்று தொழுகை முடித்து, உங்கள் கபுருக்கு வந்துவிட்டு நேராக நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தர் வாசனை. புதுச் சட்டை. உள்ளே வரவில்லை.

"நூரு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கையை அவுத்தப்போ... அத்தாவே புடுங்கிட்டாரா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அவரே புடுங்கிப் போயிருந்தா, தன் உசுரைத் தானே எடுத்துகினா மாதிரி ஆயிடாதா? அந்தப் பாவம் அவர் மேல விழக் கூடாதுன்னுதான் கட்டினேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கபுரு கிட்ட நின்னுகினு இதையேதான் நெனைக்கறேன். தூக்கம் வரல நூரு."

"ஹஸரத்தைக் கேட்டிருக்கலாமே அண்ணே?"

"கேட்டு, ஆமாம்னு சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் இத்தனை மாதம் அவரை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! விட மனமில்லாத ஆள் என்றும், என்மேல் கோபம் என்றும் நினைத்திருந்தேன். அவரோ உங்களை அல்லாஹ்விடம் குற்றமில்லாமல் அனுப்ப வேண்டும் என்று அந்தத் துணியைக் கட்டியிருக்கிறார். நானும் அதற்குத்தான் அவிழ்த்தேன்.

"இல்லண்ணே. அத்தா குழாயைத் தொடவே இல்ல" என்றேன். "நோவு தாங்காம புடுங்கியிருந்தாலும் அல்லாஹ் கணக்குல சேராதுன்னு ஹஸரத் அப்பவே சொன்னாரு. ஆனா அத்தா தொடல." அப்புறம் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்து, நடந்ததைக் காட்டினேன்.

ஹஸரத் கலிமா சொன்னபோது, அத்தா, உங்கள் உதடு அசையவில்லை. என் மடியில் இருந்த கைதான் அசைந்தது. நாலு விரலும் மடங்கின. அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்ல உயர்த்துகிற கலிமா விரல், சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. உங்கள் மூச்சு போன பிறகுதான் அது தணிந்தது. கட்டோடு இருந்திருந்தால்? அந்த விரல் கம்பியோரத்தில் நிமிர்ந்திருந்தாலும் யார் கண்ணில் பட்டிருக்கும்?

அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையை எடுத்து முழங்கால்மேல் வைத்து, மெல்ல விரலை நிமிர்த்தினார். "இப்படியா?" என்றார். "இப்படித்தான்" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடித்துவிட்டு, பிரியாணி இருக்கா என்று கேட்டார்.

அத்தா, நாங்கள் இருவரும் அன்று பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். எங்களில் யாருக்கு முதலில் நேரம் வந்தாலும் மற்றவர் பக்கத்தில் இருப்போம். பார்க்க வேண்டிய வைத்தியமெல்லாம் பார்ப்போம். அதற்குமேல் இல்லை என்று ஆகிவிட்டால், உதட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டு யாசீன் ஓதுவோம். வலது கையை யாரும் கட்ட விடமாட்டோம். இது உங்களுக்கு நாங்கள் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மகளும், மறுபடியும் காதர் அண்ணனின் தங்கையுமான
நூரு