ஜாங்கிரிக்கு மீன் வேகிறது

பின்வாசல் குழாயடியில் ஒற்றை அடுப்பு வைத்துச் சாளை மீன் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். உப்பு, புளி, மிளகாய் எதுவும் கிடையாது, வெறும் தண்ணீர்தான். இந்த வாசனை தெருமுனையில் வந்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடையை எட்டிப் போட்டவள் நான். இன்றைக்கு அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் பூனை என் புடவை விளிம்பில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஆரஞ்சு நிறத்தில் வட்டமாகச் சுருண்டு கிடப்பான் என்று ஜாங்கிரி என்று பெயர் வைத்தாய். இப்போது நின்றாலும் வட்டமாகத்தான் இருக்கிறான். அவ்வளவு தீனி.

நீ இருந்து இதைப் பார்த்திருந்தால் சிரித்தே ஓய்ந்திருப்பாய். ஸ்டாஃப் ரூமில் நீ சிரித்தால் எட்டாம் வகுப்பு வரைக்கும் கேட்கும். "ஏய், சிவகாமி டீச்சர் மீன் சமைக்கிறாடி!" என்று ஊரையே கூட்டியிருப்பாய். கூட்டிக்கொள். நான் வெட்கப்படுவதாக இல்லை.

கே.கே. நகர் பள்ளியில் நான் கணக்கு, நீ விலங்கியல். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால், "இன்னைக்கு முட்டை இருக்குடி, தள்ளி உக்காரவா?" என்று கேட்பாய். நான் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. ஆனால் முட்டை இருக்கிற நாளில் கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீடு அப்படி. வெங்காயம் பூண்டுக்கே அம்மா நாள் கிழமை பார்ப்பாள்.

முதல் வருஷம் பெருநாளுக்குத் தெற்குவாசலில் உன் வீட்டுக்கு வந்தபோது, ஒரு டம்ளர் ரோஸ்மில்க் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த பெருநாளைக்கு நான் உள்ளே வந்ததுமே கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாய். புத்தம் புது எவர்சில்வர் பாத்திரம். அதில் காய்கறி பிரியாணி. பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகச் 'சிவகாமி' என்று பெயர் வெட்டியிருந்தது. சீர் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவார்கள், மொய் பாத்திரத்துக்கு வெட்டுவார்கள். உன் வீட்டுப் பாத்திரத்தில் என் பெயரை வெட்டி வைத்தவள் நீ ஒருத்திதான்.

"இதுல மீன், கறி எதுவும் படாது. தேய்க்கிற நார்கூட தனி. தம்பியவே தொட விட மாட்டேன்," என்றாய்.

வெட்டிய பெயரை விரலால் தடவினேன். "எதுக்குடி இம்புட்டுப் பாடு? நான் சாப்பிடாட்டி என்ன ஆயிரப் போகுது?" என்று கேட்டேன்.

"ஒன்னய மாத்துறதுக்கா கூப்பிட்டேன்? சாப்பிட வைக்கத்தான கூப்பிட்டேன். உக்காரு."

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெருநாள், அந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சாப்பாடு. என் வீட்டுக்காரரும் வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார்.

ஜாங்கிரி வந்ததும் பள்ளியில்தான். லேபில் தவளையும் பாம்பும் பாட்டிலில் மிதக்கிற அலமாரிக்கு அடித்தட்டில் ஏதோ ஒரு பூனை குட்டி போட்டுவிட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் குட்டியை டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாய். அன்றிலிருந்து உன் வீட்டில் நீ சொல்வது எடுபடவில்லை. சோபாவின் கையைப் பிய்த்துப் பஞ்சை வெளியே இழுத்தான். நீ திருத்திய விடைத்தாள்களில் கால் தடம் இருக்கும். உன் கறுப்புச் சுடிதார் எல்லாம் ஆரஞ்சு முடி. விடிகாலையில் சுபுஹு தொழுகைக்கு நீ எழுந்தால் அவனும் எழுந்து, தொழுகை விரிப்புக்கு ஓரமாக, நீ முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருப்பான். முடித்ததும் ஒரே கத்தல். "இம்புட்டு நேரம் பொறுத்ததுக்கு மீனு குடுங்கிறான்," என்பாய். நான் உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன், உனக்கு வேறு வேலையில்லையா என்று.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பேசவே சிரமப்பட்ட நேரத்தில், நீ என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். "ஜாங்கிரிய நீ வச்சுக்க. அவன் நல்லவன் இல்ல. ஆனா நம்ம ஆளு." சரி என்றேன். அந்த நிமிஷம் நீ எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

உன் தம்பி பிள்ளைக்குப் புதிதாக வீசிங் வந்திருந்தது. பூனை முடி ஆகாது. நீ போன சில நாளில் உன் தம்பி மனைவி காய்கறிக் கூடையில் ஜாங்கிரியை வைத்து மூடி என்னிடம் கொடுத்தாள். கூடவே ஒரு துணிப்பை. பிரித்தால், என் பெயர் வெட்டிய பாத்திரம். "டீச்சரக்கா, இதை நாங்க புழங்க மாட்டோம். மீனுக் கை பட்டுச்சுன்னா அவுக எங்கள அம்புட்டு அரட்டுவாக. இது ஒங்களோடதுதான்," என்று அழுதாள். அந்தப் பாத்திரத்தை வீட்டில் மேல் அலமாரியில் ஏற்றி வைத்தேன். அதில் பால்கூடக் காய்ச்ச எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். உன் பூனையைச் சைவமாக்கப் பார்த்தேன்.

தயிர் சாதம் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு, தரையைக் காலால் பறித்து மூடுவது போலப் பாவனை செய்துவிட்டுப் போனான். என் தயிர் சாதத்தை இந்த ஜென்மத்தில் யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. நெய்யும் பருப்பும் பிசைந்து வைத்தேன். பால், பன்னீர், இட்லி. கடையில் விற்கிற பூனைத் தீனிப் பாக்கெட்டையும் கொட்டிப் பார்த்தேன்; அதற்கும் அதே மரியாதைதான். பாலை மட்டும் நக்கிவிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டான். விலா எலும்பு தெரிந்தது. பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவன் என்னைவிடப் பிடிவாதக்காரன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எங்களுக்குக் கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா பெரிதாகக் கோலம் போட்டுச் செம்மண் பட்டை இழுத்திருந்தார். அந்தக் கோலத்தின் நடுவில் அணில் தலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். தலை மட்டும். அந்த அம்மா போட்ட சத்தத்தில் பால்காரர் சைக்கிளோடு நின்றுவிட்டார். நான் வாளியும் துடைப்பமுமாக ஓடினேன். வாய் மூடாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கழுவினேன். ஜாங்கிரி மதில் மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனேன். சின்னப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள். "மேடம், நீங்க சைவமா இருங்க. இவன இவனா விட்ருங்க. மீன், கறி இல்லாம பூனை ரொம்ப நாள் தாங்காது. கண்ணு போயிரும், நெஞ்சு கெட்டுப்போயிரும்," என்றாள்.

ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது உன் குரல்தான் காதில் கேட்டது. ஒன்னய மாத்துறதுக்கா கூப்பிட்டேன்? ஒரு வேளைகூட என்னை மாற்றப் பார்க்காதவளின் பூனையை நான் பட்டினி போட்டு மாற்றப் பார்த்திருக்கிறேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆட்டோவை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. மீன் கடைக்கு விடச் சொன்னேன்.

கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியில் விபூதி, கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை.

"என்ன மீனும்மா வேணும்?"

"பூனைக்கு."

"மொதல்ல எல்லாரும் பூனைக்குன்னுதான் சொல்லுவாக," என்று சிரித்தாள். "வெக்கப்படாதீங்க டீச்சர். சாளை நல்லா இருக்கு, கொழம்புக்கும் ஆகும்."

கூடையின் மூடியைத் திறந்து காட்டினேன். ஜாங்கிரி தலையை நீட்டி ஒரு கத்துக் கத்தினான். அவள் வாயை மூடிக்கொண்டு இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

வேகவைத்தேன். வாந்தி வந்தது. வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி வந்து முள்ளெடுத்தேன். வைத்த தட்டில் ஒரு பொட்டு மிச்சமில்லை. முதல் முறையாக என் மடியில் ஏறிப் படுத்து, மிஷின் ஓடுகிற மாதிரி தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தான். உனக்கு அந்தச் சத்தம் தெரியும். நீ போன பிறகு எத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்! ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. இந்தச் சத்தம் இறங்கியது.

வாசனையும் மாடிக்கு ஏறியது. மறுநாள் வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார். "டீச்சர், இத்தன வருஷமா ஒரு பேச்சு நமக்குள்ள வந்ததில்ல. ஆனா இது சாமி கும்பிடுற வீடு. ஒண்ணு அந்தப் பூன போகணும், இல்ல நீங்க போகணும்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீடு, அவர் மூக்கு.

பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "அம்மா, சாக்குல போட்டு மாட்டுத்தாவணி மார்க்கெட் பக்கம் விட்ருங்க. அதுவா பொழச்சுக்கும்." என் வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தார். சாக்கு ஸ்டோர் ரூமில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒரே பதிலாகச் சொன்னேன்: "அவன் எங்கயும் போகல. நாம போறோம்."

"ஒரு பூனைக்காக வீடு மாத்துறவ இந்த மதுரையிலேயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப," என்றார் வீட்டுக்காரர்.

"இருந்துட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு பட்ட பாட்டைக் கேட்காதே. டூவீலரில் ஊர் முழுக்கச் சுற்றினோம். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி சைவமா அசைவமா. இரண்டாவது கேள்வி நாய் பூனை உண்டா. பூனை என்று சொல்வதற்குள் கேட் சாத்துகிற சத்தம் கேட்கும். பூனையைச் சொல்லாமல் குடிவந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னார். முடியாது என்றேன். ஜாங்கிரியை ஒளித்து வைத்து வளர்க்க நான் உன்னிடம் சரி சொல்லவில்லை.

கடைசியில் நாகமலை புதுக்கோட்டையில் இந்த வீடு. பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆனால் பின்னால் கொல்லை இருக்கிறது, கொல்லையில் குழாயடி இருக்கிறது. வீட்டின் சொந்தக்காரர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"நாங்க சைவம் சார். எங்க பூனை அசைவம்," என்றேன். பள்ளியில் தேற்றம் சொல்கிற குரலில் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "கொல்லைல எலி கெடக்கு. அதையும் பாத்துக்கச் சொல்லுங்க," என்று சாவியைக் கொடுத்தார்.

சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நாங்கள் ஆட்டோவில் வந்தோம். கூடையை என் வீட்டுக்காரர்தான் மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக ஜாங்கிரி கத்திக்கொண்டே வந்தான். "சும்மா இருடா, வீடு வந்துருச்சு, வந்துருச்சு," என்று அவர் கூடைக்குள் விரலை விட்டுச் சமாதானப்படுத்தினார். அது வரைக்கும் 'உன் சிநேகிதி பூனை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் வெளியே போய் வந்தால் முதலில் கேட்பது, "நம்மாளு சாப்பிட்டானா?"

சோபா போய்விட்டது. என் ஒரே பட்டுப்புடவையில் நகம் பட்டு இழை இழுத்துவிட்டது. உயிருள்ள ஓணானைக் கொண்டுவந்து தலையணையில் வைக்கிறான். ஊசி போடக் கொண்டுபோனால் டாக்டரையும் பிராண்டி என்னையும் பிராண்டுகிறான். இதில் எதையும் நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. நீ சொன்னதுபோல அவன் நல்லவன் இல்லை. ஆனால் விடியும் முன் தூரத்துப் பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு கேட்கும்போது எழுந்து வந்து என் காலில் முட்டுகிறான். எனக்கு உன் தொழுகை தெரியாது. எழுந்து, விளக்குப் போடாமல், கூடத்தில் உட்கார்கிறேன். அவன் பக்கத்தில் அசையாமல் உட்காருகிறான். அந்த நேரம் நம் மூன்று பேருக்கும் உரியது. முடிந்ததும் மீன் கேட்டுக் கத்துகிறான்.

என்ன பாத்திரத்தில் வேகவைக்கிறேன் என்று நீ இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதறுவாய். முதல் நாள் மீனை வாங்கி வந்தபோது என் அடுப்படியில் ஒரு பாத்திரத்தையும் அதற்கு எடுக்கக் கை வரவில்லை. மலிவாகப் புதிதாய் ஒன்று வாங்கி வருகிறேன் என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து அதை எடுத்தேன்.

ஆமாம், அதுதான். அத்தனை வருஷம் மீன் படாமல் நீ காத்த பாத்திரம். தப்பாக நினைக்காதே, நான் நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். வீட்டில் வேறு சாப்பாடு சாப்பிடுகிற ஆளுக்கு என்று நீ வாங்கியது அது. உன் வீட்டில் அந்த ஆள் நான். என் வீட்டில் அவன். தேய்க்கிற நார்கூட தனியாகத்தான் வைத்திருக்கிறேன். யாரையும் தொட விடுவதில்லை.

வெந்துவிட்டது. இறக்கி ஆற வைத்து முள்ளெடுக்க வேண்டும். கழுத்தில் வெட்டிய பெயர் நெருப்பில் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஆனால் விரலால் தடவினால் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படுகிறது. ஜாங்கிரி அவசரப்படுத்துகிறான். "உக்காரு," என்கிறேன், நீ சொன்ன மாதிரியே. உட்கார்கிறான்.