நான் கை துடைத்த வெள்ளைத் துணி

இன்று காலை சமீராவுக்கு வயிற்று வலி. ஓமம் தேடி அடுப்படி மேல்தட்டில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோம்பு, கசகசா, பட்டை, கடைசியில் ஓமம். உள்ளே விரலை விட்டால் ஏதோ இரும்பு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் தையல் மெஷினின் ஃபுட். ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்குமே, அந்த இரட்டைக் கால். திருகாணியோடு பத்திரமாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாய்.

அடிப்பாவி, இங்கேயா ஒளித்தாய்? இரண்டு வருஷமாக இந்த டப்பாவைத் தாண்டித்தான் டீத்தூள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கைக்கு அகப்படக் கூடாது என்றுதான் அங்கே வைத்தாய். வைத்ததில் தப்பே இல்லை. பேத்திக்கு ஓமத்தண்ணி கொடுத்தேன், குடித்துவிட்டுத் தூங்குகிறாள். பள்ளிக்கு லீவு சொல்லியாயிற்று. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது.

அறுபத்தொரு வயதில் மெஷின் எம்பிராய்டரி கிளாஸில் சேரப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், மெஷின் என்றால் அது என் இலாகா என்று ஒரு நினைப்பு. உனக்கோ வாரத்தில் ஏழு நாளும் ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. மகள் நஸ்ரின் காலை ஏழே முக்காலுக்கு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அவள் பிள்ளையைக் கிளப்பி வேனில் ஏற்றுவது நீ. திங்கட்கிழமை வாரத் துணி. வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் தால்ச்சாவும். ஞாயிறு என்றால் மருமகன் வீட்டு ஆட்கள். நடுவில் லைப்ரரிக்கு வேறு போய்வருவாய். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம். வடை கட்டிவந்த எண்ணெய்க் காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாய். இதில் கிளாஸை எங்கே நுழைப்பாய் என்று கேட்டேன்.

"அது என் கவலை" என்றாய்.

கோர்ஸ் முடித்தால் சர்டிபிகேட் தருவார்கள் என்பதை மூன்றாம் நாள்தான் சொன்னாய். எட்டாம் வகுப்போடு உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். அது உனக்கு இன்னும் வலிக்கிறது என்பது தெரியாது. ஏன், உன் பேரில்தான் ஆதார் இருக்கிறதே, அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளேன் என்று கேலி பண்ணினேன். நீ கோபப்படவில்லை.

"அது இருக்கறதுக்குக் குடுத்தாங்க. செஞ்சதுக்குன்னு எங்கிட்ட ஒண்ணுகூட இல்லைங்க" என்றாய்.

வாயை மூடினேனே தவிர விஷயம் மண்டையில் ஏறவில்லை.

செவ்வாயும் வியாழனும் செம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து குரோம்பேட்டை போவாய். ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சந்தில், ஃபேன்ஸி ஸ்டோருக்கு மாடியில் கிளாஸ். டீச்சருக்கு நம் நஸ்ரினைவிட வயது கம்மி. முதல் மாதம் உன் ஊசி தினம் ஒன்று உடைந்தது. வளையத்தில் மாட்டிய துணியை இரண்டு கையாலும் ஓட்ட வேண்டும், காலோ கீழே மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நூல் அறுந்துவிடும் என்று சாப்பிடும்போது எனக்கு விளக்குவாய். நான் ஊம் கொட்டிவிட்டு அப்பளம் கேட்பேன். மன்னித்துக்கொள்.

ஆறாவது மாதம் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வேலைப்பாடு செய்து கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் சர்டிபிகேட் என்றார்கள். நீ நம் செம்பாக்கம் ஏரியைத் தேர்ந்தெடுத்தாய். வெள்ளைப் பருத்தித் துணியில் தண்ணீர், கோரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு நீந்துகிற ஏழெட்டு நாமக்கோழி. தினம் காலையில் நடக்கப் போகும்போது நீ நின்று நின்று பார்த்தது இதற்குத்தானா என்று பிறகுதான் புரிந்தது. முட்டி வலி என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கல்யாணம் முடிந்து டீச்சர் வெளிநாடு போகிறாள், கிளாஸையே மூடப் போகிறார்கள், அடுத்த பேட்ச் என்ற பேச்சே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ கிளாஸுக்குப் போயிருந்தாய். நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் மெஷின் மேல் போனது. ஃபுட்டைக் காணோம். துணியை நகர்த்துகிற பல் மேலே ஒரு தகடு போட்டு மூடியிருந்தது. ஐயோ பாவம், மெஷினை ரிப்பேராக்கிவிட்டு என்னிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன். எம்பிராய்டரிக்கு ஃபுட்டைக் கழற்றத்தான் வேண்டும், பல்லை மூடத்தான் வேண்டும் என்று நீ பத்துத் தரம் சொல்லியிருப்பாய். நான்தான் அப்பளத்தில் இருந்தேனே. டிராயரில் கிடந்த ஃபுட்டை எடுத்து மாட்டினேன், தகட்டைக் கழற்றினேன், மேலிருந்து கீழ்வரை எண்ணெய் விட்டேன். நாற்பது வருஷத்து அழுக்கு கறுப்பாக இறங்கியது. கையெல்லாம் கரி. ஷெட்டில் கை துடைக்கப் பழந்துணியை மூட்டையாகப் போட்டு வைத்திருப்பார்கள், வேலை முடிந்ததும் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துத் துடைப்போம். அந்தப் பழக்கத்தில் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தேன். மேலே நூல் முடிச்சும் பிசிறுமாக இருந்தது. ஏதோ பழசு என்று நினைத்து நன்றாக, விரல் விரலாகத் துடைத்தேன்.

நான் பார்த்தது பின்பக்கம். முன்பக்கத்தில் உன் ஏரி இருந்தது.

நீ வந்தாய். துணியைக் கையில் எடுத்தாய், திருப்பினாய், விரித்தாய். உன் ஆறு வாரத்தின் மேல் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. எதையாவது தூக்கி வீசியிருக்கலாம், என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய்.

"நாளையிலருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த வீட்ல எனக்கு எந்த வேலையும் கிடையாது. நீங்க பாத்துக்கங்க" என்றாய்.

அவ்வளவுதான். புதுத் துணியை வெட்டி வளையத்தில் மாட்டிவிட்டாய்.

அந்த மூன்று நாளை நான் மறக்க மாட்டேன். புதன்கிழமை சமீராவுக்கு இட்லி கட்டினேன், சட்னி வைக்க மறந்தேன். வேனிலிருந்து இறங்குகிற பிள்ளை தண்ணீர் கேட்காது, யார் யாரைக் கிள்ளினார்கள் என்ற வழக்கைத்தான் முதலில் அவிழ்க்கும், அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஷூவைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? ஏழு மணிக்குக் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். படித்தேன். பாதியில் பிடுங்கிக்கொண்டாள். "நன்னா, நீ நியூஸ் வாசிக்கிற. நன்னி மாதிரி வாசி" என்றாள். நன்னியோ தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை நீ கிளாஸுக்குப் போகவில்லை. உன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்கு நான் போனேன். மேஜையில் இருந்த அம்மாள் பையைப் பார்த்ததுமே, "அவங்க வரலீங்களா சார்? அவங்க கேட்ட புத்தகத்த எடுத்து வெச்சிருக்கேனே" என்றார். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கென்று ஒருவரும் எதையும் எடுத்து வைத்ததில்லை. பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி எழுதியிருந்தாய். ஒரு இடத்தில், 'இதில் வருகிற கணவன் எங்கள் வீட்டுக்காரரைவிட மோசம்' என்று இருந்தது. அதற்கு ஐந்து பக்கம் தள்ளி இன்னொரு புத்தகத்துக்கு, 'இதில் வருகிறவர் கொஞ்சம் பரவாயில்லை, எங்கள் வீட்டுக்காரர் மாதிரி.' பஸ் ஸ்டாப்பில் நின்று அதை மூன்று தரம் படித்தேன். பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தால்ச்சா அடிபிடித்தது. ஜும்ஆ முடிந்து வரும்போது கடையில் பிரியாணி வாங்கி வந்தேன். நீ சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் சிரித்தாய்.

அந்த மூன்று நாளும் காலை ஐந்து மணியிலிருந்து நின்றதில், எனக்கு உட்காரக் கிடைத்தது இங்கே இருபது நிமிஷம், அங்கே கால் மணி நேரம். துணி காய்கிற நேரம், குக்கர் சத்தம் வருவதற்கு முந்தின நேரம், பிள்ளை தூங்குகிற நேரம். அந்தத் துண்டு நேரங்களைச் சேர்த்துத்தான் நீ இத்தனை புத்தகம் படித்திருக்கிறாய். அதைச் சேர்த்துத்தான் ஒரு ஏரியையே தைத்திருக்கிறாய். நான் எதில் கை துடைத்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன், நீ நம்பிய மாதிரி இருந்தாய்.

சனிக்கிழமை உன்னோடு நானும் மாடி ஏறினேன். மூன்று நாளில் ஏரி முழுசாக வரவில்லை. ஒரு நாமக்கோழி, பின்னால் இரண்டு குஞ்சு, நாலைந்து கோடு தண்ணீர், அவ்வளவுதான். நெற்றியில் அந்த வெள்ளைப் பொட்டு மட்டும் அச்சு அசல். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஏரி எங்கேம்மா என்று கேட்டாள். இடம் பத்தவில்லை என்று நீ சொன்னாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கதவோரம் நின்றபடி நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அங்கிருந்த ஒன்பது பெண்களும் சிரித்த சிரிப்பு கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும். நீ பையிலிருந்து பழைய துணியையும் எடுத்து டீச்சர் முன்னால் விரித்தாய். அவள் கரியைப் பார்க்கவில்லை, தையலைக் குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் உன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

"அவரு மூணு நாள் சமைச்சாரு டீச்சர். அவருக்கும் ஒண்ணு குடுங்க" என்றாய் நீ.

அன்றைக்கே ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டோம். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய், பையில் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கழற்றிப் போட்டிருந்த ஃபுட்டை டிராயரிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தாய். எங்கே வைத்தாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டுப் பெண் கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்தாள். அப்புறம் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வந்தார்கள். செவ்வாயும் வியாழனும் நம் கூடத்தில் கிளாஸ் நடந்தது. நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொள்வேன். அதட்டாமல், ஊசி உடைந்தால் முகம் சுளிக்காமல் நீ சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. அப்புறம் அந்தக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஆறே நாள்.

உன் வாரத்தை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வழக்குக் கேட்டுவிட்டுத்தான் ஷூ கழற்றுகிறேன். கதையும் நியூஸ் மாதிரி இல்லை என்று சமீரா சொல்கிறாள். லைப்ரரி அட்டை என் பேருக்கு மாறியிருக்கிறது. உன் நோட்டில் மீதி இருந்த பக்கங்களில் நான் எழுதுகிறேன், எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றே எழுதிவைக்கிறேன், உன் மாதிரி திட்ட வரவில்லை.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. உன்னை அடக்கம் செய்த மறு வாரம் இறப்பைப் பதிவு செய்ய நானும் நஸ்ரினும் போனோம். அவள்தான் படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, முகவரி, எல்லாம் எழுதிவிட்டு, தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினாள். அவள் மேல் தப்பில்லை. ரயில்வே பாஸ், பள்ளிக்கூடம், பாங்கு என்று முப்பத்தெட்டு வருஷமாக எல்லாப் பாரத்திலும் நான் எழுதிக்கொடுத்த வார்த்தை அதுதான்.

அதை அடித்துவிட்டு எம்பிராய்டரி டீச்சர் என்று எழுதச் சொன்னேன். நஸ்ரின் என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது, அப்படியே அடித்து எழுதினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி, எங்கேயாவது வேலைக்குப் போனாங்களா சார் என்று கேட்டான். பையிலிருந்து உன் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன்.

"இதெல்லாம் தேவையில்ல சார். நாங்க குடுக்கற டெத் சர்டிபிகேட்ல தொழில் வராது."

"வரலன்னா பரவால்ல தம்பி. இந்தப் பாரத்துல இருக்கட்டும்."

அவன் சர்டிபிகேட்டை வாங்கினான். உன் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தான். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளி, அடித்திருக்கிற இடத்தில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றான். நஸ்ரின் பேனாவை நீட்டினாள். நான் போட்டேன்.