எட்டுக் கரிக்கோடுகள்

சீவா பாலைச்சோலை, தக்ரூர் மலையடி, எகிப்து
பேரீச்சை இறக்கும் மாதம், வியாழக்கிழமை

என் அன்பு மகள் கவ்தருக்கு, மணல் நாட்டின் சுல்தானும் முழங்கால்களின் மன்னனும் இடுப்பெலும்புகளின் காவலனுமாகிய உன் சித்தப்பா ஹம்மூதா எழுதிக்கொள்வது. படைத்தவன் கருணையால் இங்கே நான் நலம், கழுதை நலம், ஒலிவ மரங்கள் நலம். உன் சித்தி மப்ரூக்காவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை ஊன்றினேன், அது அங்கேயே நின்றுவிட்டது, அதனால் அதைப் பின்னால் எழுதுகிறேன். மிலானில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. உன் அப்பன், என் அண்ணன், உன் நாலு வயதில் உன்னை என் தோளில் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடினான். அன்றிலிருந்து உன்னை அதட்டும் உரிமை எனக்கு உண்டு. இந்தக் கடிதத்தில் அதட்ட மாட்டேன், அதற்கு எனக்கு வாய் இல்லை, ஏன் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

இந்த வருஷ மணல் சீசன் மோசமில்லை. ஜூலையில் கெய்ரோவிலிருந்தும் தாந்தாவிலிருந்தும் முட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். விடிந்ததும் வெட்டிய குழி மதியத்தில் ரொட்டி வேகிற சூட்டுக்கு வர, வந்தவர்களை அதில் படுக்கவைத்துக் கழுத்துவரை மணலால் மூடி, வெளியே எடுத்துப் போர்வையில் சுருட்டி, கூடாரத்தில் வெந்தயத் தண்ணீர் கொடுத்து, எல்லாம் வழக்கப்படிதான். மூன்று நாள் அல்லது ஐந்து நாள் அல்லது ஏழு நாள், நடுவில் ஒருநாள் விட்டாலும் முதலிலிருந்து. கூடாரக் கம்பத்தில் ஒரு நாளைக்கு ஒரு கரிக்கோடு. நீ இதற்குள்ளேயே வளர்ந்தவள், உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய், இது பின்னால் வேண்டியிருக்கும். வந்தவர்களிடம் பழைய கதைகளையும் குறையில்லாமல் சொன்னேன். நாலு பேர் தூக்கிவந்த பாஷா ஏழாம் நாள் அந்த நாலு பேரையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனதையும், நான் புதைத்தெடுத்த நொண்டி ஒட்டகம் எழுந்த வேகத்தில் லிபியா எல்லையைத் தாண்டிவிட்டதையும், அதன் சொந்தக்காரன் இன்னும் தேடிக்கொண்டிருப்பதையும். சிரித்தார்கள், படுத்தார்கள், போனார்கள். பெண்கள் கூடாரத்தைத்தான் இந்த வருஷம் போடவே இல்லை. இருபது வருஷம் அங்கே மண்வெட்டி பிடித்தவள் உன் சித்தி, இப்போது அவளுக்குத் தண்ணீர்க் குவளையைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், அதில் ஒரு கை இல்லாத மாதிரிதான்.

பக்கத்துத் தோட்டத்து பெல்காசிம் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னான். அவனுடைய கால் கட்டைவிரல் ஒருநாள் காலையில் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிவிட்டது, மேலே ஈ உட்கார்ந்தால்கூட இவன் போடும் கூச்சல் கடலோரத்து மத்ரூஹ் வரைக்கும் கேட்கும். நான் மணலுக்கு இழுத்தேன், வர மறுத்தான், நல்லவேளை. மத்ரூஹ் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறாள், உன் வயதுதான், உன்னைப் போலவே முகத்துக்கு நேராகப் பேசுகிறாள். ரத்தத்தில் ஒரு அமிலம் மிஞ்சி உப்புப்போல மூட்டில் படிந்திருக்கிறது, ஈரலையும் சுட்ட இறைச்சியையும் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றாளாம். ஈரல் இல்லாம வாழறதுக்குப் பதிலா விரலையே வெட்டிப் போட்டுடுங்க தாயே என்று இவன் அழுதானாம். அழுதாலும் கேட்டான். இப்போது அந்தக் காலோடு மரம் ஏறிப் பழம் இறக்குகிறான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் நன்றாயிருக்கிறான் என்பதால் இல்லை, சொன்னதைச் சொன்னபடி கேட்டவன் நன்றாகிவிட்டான் என்பதால்.

நாற்பது வருஷம் எலும்போடு குடித்தனம் நடத்தினவன் நான், எனக்கு அந்த டாக்டரம்மா பாடம் எடுத்தாள். மூட்டுவலி என்று ஒரே பெயரில் பல பேர் ஊரில் திரிகிறார்களாம். வயதாகி, உடம்பு கனத்து, பாரம் சுமந்து, எலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை கழுதை வண்டி அச்சுப்போல தேய்வது ஒன்று. என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கூட்டம்தான், சூடு பட்டால் அவர்களுக்கு இதமாயிருக்கும், கொஞ்ச நாள் நடப்பார்கள், அந்த இதத்தின் மேல்தான் நான் என் சிம்மாசனத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று வேறு. வீட்டைக் காக்க நிறுத்திய காவல்காரனே திருடன் என்று நினைத்து வீட்டுக்காரனை அடிப்பது. உடம்பின் படை உடம்பையே தின்பது. ஏன் வருகிறது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்குக் குடும்ப ரத்தவழியாக, சிலருக்குப் புகையால், அது பாட்டியையும் பார்க்காது பேத்தியையும் பார்க்காது என்றாள். காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது, இரண்டு கையும் சேர்ந்தே வீங்கும். உன் சித்திக்கு இது. வீங்கிக் கொதிக்கிற மூட்டை நான் மூன்று கோடைக்கு மணலில் புதைத்தேன், எரிகிற அடுப்பில் தணல் அள்ளிப் போட்ட மாதிரி. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். மணல்காரன் பொண்டாட்டி மணல் வேணாம்னா ஊர் என்ன சொல்லும் என்பாள். எனக்கும் ஊர்தான் பெரிதாயிருந்தது.

சாப்பாட்டில் நான் செய்யாத வைத்தியம் இல்லை, அது உனக்குத் தெரியும். விடிந்ததும் வெந்தயத் தண்ணீர், கருஞ்சீரகம் தேனில், ஒலிவ இலைக் கஷாயம், மத்ரூஹிலிருந்து மத்தி மீன், தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் நான் போட்ட தடையைப் போல எந்த அரசனும் போட்டதில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. மீனும் ஒலிவ எண்ணெயும் நல்லதுதான், கொடுங்கள், தக்காளி பாவம் ஒன்றும் செய்யவில்லை, அதையும் கொடுங்கள், ஆனால் இவையெல்லாம் மருந்தோடு நடக்கும் தோழிகள், மருந்து அல்ல என்றாள். ஆறு வருஷம் தோழிகளை மட்டும் வீட்டுக்குள் விட்டுக் கல்யாணப்பெண்ணை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இடதுகை விரல்கள் அதற்குள் ஒருபக்கமாய்ச் சாய்ந்துவிட்டன, இனி அவை நிமிராது. வலதுகையின் படத்தைப் பார்த்து, இதுக்கு இன்னும் நேரம் இருக்கு என்றாள்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். வசந்தத்தில் நீ அழுது கெஞ்சி, சித்தியை அலெக்சாந்திரியா டாக்டரிடம் காட்டவைத்தாய், அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை இங்கே எங்கும் கிடைக்காததால் மிலானிலிருந்து அனுப்பி வைத்தாய். டப்பாவின் மேல் உன் கையால் பெரிய எழுத்தில் வாரம் ஒன்று, வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாய். நான் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும், கண்ணும் தெரியும். ஆனால் சீசனுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி ஒன்று என்றால் மாதங்கள் ஆகும், அதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள், மணல் சுல்தானின் மனைவி மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பார்கள். மணலில் ஒருநாள் விட்டால் பலன் போகுமே, இதற்கு மட்டும் என்ன ஆறு நாள் ஓய்வு, இத்தாலிக்காரன் சோம்பேறி, நாம் ஏழு நாள் தொடர்ந்து கொடுத்து முடித்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். ஏழாம் நாள் அவளுக்கு வாய் சிவந்தது. மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று எட்டாவதையும் என் கையாலேயே கொடுத்தேன். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல். மத்ரூஹ் ஆஸ்பத்திரிவரை முந்நூறு கிலோமீட்டரும் அவள் தலை என் மடியில். ரத்தமே வற்றிப்போன மாதிரி இருக்கிறது என்றார்கள், பதினேழு நாள் வைத்திருந்தார்கள். எப்படிக் கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது எழுதியபடி என்றேன். நீ தொலைபேசியில் வாரம் ஒண்ணுதானே குடுத்தீங்க சித்தப்பா என்று கேட்டபோது, எனக்கே பாடம் சொல்றியா, உன் விஷத்தை நீயே தின்னு என்று கத்தினேன். வாழ்நாள் முழுக்க நான் சொன்ன எதையும் இந்த ஊர் நம்பியதில்லை, நீ மட்டும் அன்றைக்கு, தப்பு உன் மருந்தில்தான் என்று நம்பிவிட்டாய். அதன்பிறகு சித்தியிடம் நலம் மட்டும் விசாரிக்கிறாய், மருந்து என்ற சொல்லையே எடுப்பதில்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சை தின்றேன்.

போன மாதம் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டிய திட்டைக் கேட்டிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். கடைசியில், ரத்தம் தேறிவிட்டது, அந்த மருந்தையோ அதே இனத்தில் வேறொன்றையோ சரியான அளவில், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே தொடங்கலாம், இந்தக் குளிர்காலத்தைத் தாண்டவிட்டால் வலதுகையும் போய்விடும் என்றாள். உன் சித்தி மாட்டேன் என்கிறாள். அந்த மருந்து எனக்கு ஒத்துக்காது, பிள்ளை பாசத்துல அனுப்புச்சு, என் விதி அப்படி என்கிறாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து, மருந்து குற்றமில்லை, நான்தான் எட்டு நாளும் கொடுத்தேன், பிள்ளை சொன்னது வாரம் ஒன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள், கவ்தர். ஆமா ஆமா, அந்த ஆஸ்பத்திரியைக் கட்டினதும் நீங்கதான், பாஷாவைத் தூக்கினதும் நீங்கதான் என்றாள். குர்ஆன் மேல் சத்தியம் செய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டாள், அதுவும் அந்தச் சாய்ந்த கையால். அப்புறம் குரலைத் தணித்து, பிள்ளை மேல பழி வரக்கூடாதுன்னு உங்க தலையில தூக்கி வச்சுக்கறீங்க, எனக்குப் புரியாதா, நல்ல மனசுங்க உங்களுக்கு என்றாள். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் எனக்கு நல்ல மனசு என்று அவள் சொன்னது அன்றைக்கு ஒருதரம்தான். அதையும் நான் திருடித்தான் வாங்கியிருக்கிறேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது, என்னை நம்பவும் தெரியாது, உன்னை மட்டும் நம்புவாள். இந்தக் கடிதத்தோடு அந்த மாத்திரை டப்பாவின் அட்டையை வைத்திருக்கிறேன். ஒருபக்கம் உன் எழுத்து. மறுபக்கம் நான் ஒரு நாளைக்கு ஒன்றாகப் போட்ட கரிக்கோடு, கூடாரக் கம்பத்தில் போடுகிற அதே பழக்கத்தில். எட்டு இருக்கிறது, எண்ணிக்கொள். என்னைத் திட்ட வேண்டுமானால் தனியாகத் திட்டு, வேண்டாம் என்றால் என்னோடு பேசவே வேண்டாம், அதை நான் கேட்கவில்லை. ஆனால் இது கைக்கு வந்த உடனே சித்தியைக் கூப்பிட்டு, நடந்ததை உன் வாயால் சொல், சித்தப்பா சொன்னது நிஜம்தான் என்று சொல், மத்ரூஹுக்குப் போகச் சொல். அவள் எனக்கு நல்ல மனசு என்று நினைப்பதையும் அப்போதே கலைத்துவிடு, அது இருக்கும்வரை அவள் மருந்தைத் தொட மாட்டாள்.

நீ நீண்ட நாள் வாழ வேண்டும், உன் பத்து விரலும் நூறு வயதுவரை மடங்கி நிமிர வேண்டும், ஆண்டவன் உனக்குக் குறை வைக்கமாட்டான். மீன் சாப்பிடு, நடந்து போ, காலையில் விரல் மடங்கவில்லை என்றால் வைத்தியம் பார்க்கும் சித்தப்பாக்களிடம் ஒருநாள்கூடப் போகாதே. ஞாபகம் வைத்துக்கொள், முதலில் அவளைக் கூப்பிடு. ஒட்டகம் பொய், பாஷா பொய். அட்டையைத் திருப்பிப் பார்.

உன்னை வளர்த்தவன்,
ஹம்மூதா