காக்காவின் கபுறு மேல் கிடக்கும் முள்

என்னோடு கூடப் பிறந்த மூத்தவரே, என் அன்புக் காக்கா, உங்களுக்கு ஸலாம்.

நாயும் நரியும் தோண்டாதிருக்க உங்களை அடக்கிய கபுறு மேல் போட்டிருக்கும் முள், நீங்கள் ஆடு மாடு அண்டாமல் காத்த கறுப்பு முட்பழக் கொடிதான். அடியோடு வெட்டிவிட்டார்கள். வெட்டியது உங்கள் மகன் ரியாஸ். வேறு யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

ஆண்கள் உங்களை அடக்க மையவாடிக்குத் தூக்கிப் போனபோது, பெண்கள் நாங்கள் வழக்கம்போல வீட்டுக்குள் இருந்தோம். அங்கே நின்றிருந்தால் அந்தக் கத்தியைப் பிடித்திருப்பேன். சில நாள் கழித்து மையவாடிக்குப் பின்னால் கொடி நின்ற பாறையடிக்குப் போனேன். வெட்டிய கட்டைகள்தான் தெரிந்தன.

ரியாஸிடம் கேட்டேன்.

"முள்ளுத்தானே மாமி, கிட்டக் கிடந்ததை வெட்டினம். பழம் வேணுமெண்டா கிண்ணியாவில திராட்சை வாங்கித் தாறன்" என்றான்.

"திராட்சையை நீயே தின். இது உன்ர வாப்பா தேடித் தேடி வேற எங்கயும் காணாத கொடி" என்றேன்.

அதன்பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. கிழவி முள்ளுக்கு அழுகிறாள் என்று ஊரில் கதை.

இலங்கைத்துறை வரை நடந்து தேடினீர்களே. மலைநாட்டில் இதன் சொந்தக்காரக் கொடிகள் உண்டு, ஆனால் இது இல்லை என்றீர்கள். நம்பியவள் நான் ஒருத்தி. பழுத்ததும் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டு வருவீர்கள். தின்று முடியும் வரை இருவரும் கதைக்க மாட்டோம். இப்போது பக்கத்தில் இருந்து கதைக்காமல் இருக்கவும் ஆளில்லை.

கட்டைகளில் இன்னும் துளிர் இல்லை. கொடியின் நுனி ஈரமண்ணில் பட்டால் வேர் பிடிக்கும் என்று நீங்கள்தான் காட்டினீர்கள். உங்களை அடக்கிய நாளிலிருந்து மழை விடவில்லை. அப்படியென்றால் அங்கே, உங்கள் மேலேயே பிடித்திருக்குமா? பெண்ணாகிய எனக்கு மையவாடிக்கு உள்ளே போய்ப் பார்க்க ஏலாது.

ஆகவே ரியாஸ் நாளைக்கே போக வேண்டும். முள்ளை இழுக்காமல் ஒவ்வொரு நுனியையும் பார்த்து, போனில் படம் எடுத்து எனக்குக் காட்ட வேண்டும். பள்ளிவாசல்காரர்கள் இந்த மழைக்காலம் முடியும் வரை அந்த இடத்தில் மண்வெட்டி வைக்கக் கூடாது. பாறையடியில் மேய விடுகிறவர்கள் ஆட்டைக் கட்ட வேண்டும். கட்டைகளைச் சுற்றி வேலி அடைப்பது என் வேலை, கம்பு வெட்டிவிட்டேன். ரியாஸ் போகாவிட்டால் அவன் வாசலில் போய் உட்காருவேன். அவன் போகும் வரை எழும்ப மாட்டேன், காக்கா. இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் சொல்லுக்கு மட்டும் அடங்கிய தங்கச்சி,
சுபைதா
மூதூர்