அடையாளத் தொகை ஆயிரம்

ஜனவரி 9
பட்ஜெட் கூட்டங்கள் ஆரம்பம். முதல் நாளே நிதிச் செயலாளர் கேட்டார்: "பற்றாக்குறை அஞ்சு சதவீதத்துக்குக் கீழ வரணும். அதுக்கு நாட்டோட வளர்ச்சி எவ்வளவு இருக்கணும்?"

எவ்வளவு இருக்கும் என்றல்ல, இருக்கணும். கணக்குப் போட்டு ஏழரை என்றேன். "அப்ப ஏழரைன்னே போடுங்க." ஏழரை என்று கேட்டும் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாட்டின் வருங்கால உழைப்பை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டு டீ குடித்தோம். பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது.

ஜனவரி 15
தங்கை வந்திருந்தாள். அரசு மருத்துவமனையில் பதினோரு வருடமாக ஒப்பந்த நர்ஸ். வருடா வருடம் கையெழுத்து, அதே சம்பளம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று வேலை தருகிறதாம், பட்ஜெட் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இங்க நிரந்தரம் பண்ணிட்டா நான் எங்கயும் போகலண்ணா. பிள்ளைய விட்டுட்டுப் போக யாருக்கு ஆசை? பட்ஜெட்ல ஏதாவது வருதா?"

அது ரகசியம் என்றேன். "பெரிய ரகசியம்" என்று என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 22
கடன் பிரிவுத் தலைவருக்கு அலுவலகத்தில் 'கடன்காரர்' என்று பெயர். அவருக்கும் தெரியும், அதில் பெருமைதான். இன்று படம் போட்டுக் காட்டினார்: வரியாக வரும் நூறில் முப்பத்துநாலு வட்டிக்கே போகிறது. மீதி போதாததற்குப் புதுக் கடன் பத்திரம் விற்கிறோம், பழைய கடனை அடைப்பதும் அதில்தான். இதற்குக் கடன் மேலாண்மை என்று பெயர். தெருவில் ஒருத்தன் செய்தால் பெயரே வேறு.

"பற்றாக்குறை அஞ்சைத் தாண்டினா பத்திரம் வாங்குறவன் வட்டியை ஏத்திருவான்" என்றார். இது மட்டும் உண்மை.

ஜனவரி 28
அமைச்சருக்குக் கைதட்டல் வேண்டுமாம். ஒப்பந்த நர்ஸ்கள் எல்லாரையும் நிரந்தரமாக்குவதாக அறிவிக்க ஆசை. காசு? செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். அரை மணி நேரமாக இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கைதட்டல்தானே சார் வேணும்? ஆயிரம் ரூபான்னு ஒரு தொகையப் போட்டு அறிவிச்சிடுங்க. கணக்கும் இடிக்காது."

கிண்டல். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் அமைச்சர் பேனாவை எடுத்தார். செயலாளர் என்னைப் பார்த்து, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, தலையாட்டினார். 'அடையாளத் தொகை' என்று போட்டால் சட்டப்படி செல்லுமாம், காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். மடையனுங்க. நான் ஏன் வாயத் திறந்தேன்?

பிப்ரவரி 2
பட்ஜெட் வாசிக்கும்வரை எங்களை அச்சகத்துக்குள் அடைத்துவிட்டார்கள். போனையும் வாங்கிக்கொண்டார்கள். செயலாளரிடம் போனேன்.

"சார், அன்னைக்கு நான் கிண்டலுக்குச் சொன்னேன்."

"தெரியும். யோசனை எப்படி வந்தா என்ன?"

"நர்ஸ்கள் நம்பிடுவாங்க சார்."

"நம்பணும்னுதானே அறிவிக்கிறோம்."

வீட்டுக்கு ஒரு போன் பேசணும் என்றேன். காவலர் பக்கத்தில் நின்று கேட்பாராம். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 3
இயந்திரம் ஓடுகிறது. ஒப்பந்த நர்ஸ்கள் நிரந்தரம் – ஆயிரம். மெய்ப்புப் பார்த்தது நான்தான். பிழை இல்லை.

பிப்ரவரி 5
அவையில் மேசையைத் தட்டித் தீர்த்தார்கள். அமைச்சர் தண்ணீர் குடித்துவிட்டு, தட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தார்.

போன் கைக்கு வந்ததும் தங்கை. "கல்லுளிமங்கன் நீ. ஒரு வார்த்தை விடலையேண்ணா." அழுகிறாள். பின்னால் வார்டே சத்தம். அமைச்சர் பேசி முடிப்பதற்குள்ளேயே வெளிநாட்டுக்கு 'வரவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாளாம்.

நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6
சொல்லிவிட்டேன். தொகை எவ்வளவு என்பதையும், அது யார் வாயிலிருந்து வந்தது என்பதையும். வார்டில் யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டேன்.

பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கப் போட்டு மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள். "உன் நக்கல வீட்டோட வெச்சிருக்கக் கூடாதா? நாங்கதான் பழகிட்டோம்ல."

வெளிநாட்டுக்கு மறுபடியும் எழுதினாள். வேறு ஆள் எடுத்தாயிற்று என்று மாலையே பதில் வந்தது.

பிப்ரவரி 14
கடன் பத்திர ஏலம் அமோகம். பற்றாக்குறை நாலு புள்ளி ஒன்பது என்று நம்பி, கால் சதவீதம் குறைந்த வட்டிக்கே வாங்கிக்கொண்டார்கள். கடன்காரர் எல்லாருக்கும் கேக் கொடுத்தார். எனக்குப் பெரிய துண்டு. வாங்கித் தின்றேன். தூ.

நவம்பர் 20
இந்த வருடத்தில் இதுவரை ஆன உண்மைச் செலவைச் சரிபார்த்தோம். நர்ஸ்கள்: செலவு பூஜ்யம். அந்த ஆயிரமும் மிச்சம். அதைச் 'சிக்கன நடவடிக்கைகள்' பட்டியலில் சேர்க்கச் சொன்னார் செயலாளர், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். இப்போது மற்றத் துறைகளும் வரிசையில் நிற்கின்றன. "நர்ஸ் முறையிலேயே போட்டுடுங்க சார்" என்கிறார்கள். இரண்டு பாலம், ஒரு பள்ளிக்கூடம், தலா ஆயிரம்.

எனக்குப் பதவி உயர்வு.

ஜனவரி 30
நாளை மறுபடி அச்சகத்துக்குள் போகிறோம். நர்ஸ்களுக்கு இந்த வருடமும் அதே ஆயிரம்தான். தங்கை வார்டிலிருந்து கூப்பிட்டாள். பன்னிரண்டாவது தடவையாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். போன வருடம் அறிவிப்பு வந்தது, இந்த வருடம் காசு வரும் என்று எல்லாரும் சேர்ந்து டிவி பார்க்கப் போகிறார்களாம். கூட வேலை செய்கிற பெண்ணுக்கும் வெளிநாட்டு வேலை வந்திருக்கிறது. பட்ஜெட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாளாம்.

"நானும் அவங்களோட உக்காரட்டுமாண்ணா?"

எதிர் மேசையில் கடன்காரர் இருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"உக்காராதே" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாமா?"

"எல்லார்கிட்டயும் சொல்லு."